சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: சின்னப் பார்சல் சுங்கம் தாண்டும் கதை

வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த சின்னப் பார்சல் ஏதாவது வீட்டில் இருந்தால் அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். மூலையில் சி.என். 22 என்று போட்டிருக்கும். உள்ளே என்ன, எத்தனை, எவ்வளவு எடை, என்ன விலை என்று சில கட்டங்கள். ‘அன்பளிப்பு’, ‘விற்பனைச் சரக்கு’ என்று டிக் அடிக்கச் சில சதுரங்கள். கீழே அனுப்பியவர் கையெழுத்து. நாம் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதைத்தான் பார்ப்போம். சுங்கத் துறைக்கோ அந்தச் சீட்டுதான் பார்சல். பெட்டியைத் திறந்து பார்ப்பது அபூர்வம்.

சரி, சுங்கத்தில் அப்படி என்னதான் நடக்கிறது? ஒரு சரக்கு எல்லைக்கு வந்ததும் அதிகாரிக்குத் தெரிய வேண்டியவை சில. இது உள்ளே வரலாமா, கூடாதா? இது என்ன பொருள்? எந்த நாட்டில் செய்தது? விலை எவ்வளவு? இவற்றுக்குப் பதில் கிடைத்தால்தான் எவ்வளவு தீர்வை, அதாவது சுங்க வரி, என்று கணக்குப் போட முடியும். கணக்குப் போட்டு, பணத்தை வாங்கி, சரக்கை வெளியே விடுவதைத்தான் ‘கிளியரன்ஸ்’ என்கிறோம்.

‘இது என்ன பொருள்’ என்ற கேள்விக்கு ‘துணி’ என்று சொன்னால் போதாது. உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. 1988 முதல் நடப்பில் இருக்கும் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் எல்லா நாடுகளுக்கும் பொது. எச்.எஸ். எண் என்பது அதுதான். திருப்பூரில் தைக்கும் பருத்தி டி-ஷர்ட்டின் எண் 6109.10. இந்த எண்ணை அமெரிக்கப் பட்டியலில் தேடினால் வழக்கமான தீர்வை 16.5 விழுக்காடு என்று இருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. திருப்பூரிலிருந்து ஒருவர் அமெரிக்காவில் இருக்கும் வாடிக்கையாளருக்கு 20 டாலர் விலையில் ஒரே ஒரு டி-ஷர்ட் அனுப்புகிறார். 16.5 விழுக்காடு என்றால் தீர்வை 3 டாலர் 30 சென்ட். இந்தத் தொகையை வாங்க அரசாங்கம் என்ன செய்ய வேண்டும்? பார்சலைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். சீட்டைப் படித்து எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். வாங்குபவருக்குத் தகவல் அனுப்பி, அவர் பணம் கட்டும்வரை கிடங்கில் இடம் கொடுத்து, கட்டியதும் ரசீது போட்டு வெளியே விட வேண்டும். இத்தனைக்கும் ஆகும் ஆள்கூலியை மூன்று டாலருக்குள் அடக்க முடியுமா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் சொல்வதை லத்தீனில் சட்டக்காரர்கள் ‘டி மினிமிஸ்’ என்று சொல்லி வைத்தார்கள். அற்ப விஷயங்களைச் சட்டம் கண்டுகொள்ளாது என்ற பழைய வாசகத்தின் முதல் இரண்டு சொற்கள் அவை. சுங்கத்தில் அதற்குப் பொருள் இதுதான்: இன்ன விலைக்குக் கீழே இருக்கும் பார்சலுக்குத் தீர்வை கேட்பதில்லை, விரிவான பத்திரங்களும் கேட்பதில்லை, அப்படியே விட்டுவிடுவோம்.

அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுத் தீர்வைச் சட்டத்தில் 321ஆம் பிரிவாக இந்த விதி 1938இல் சேர்ந்தது. கிடைக்கும் வருமானத்துக்குப் பொருந்தாத செலவையும் தொல்லையையும் அரசாங்கத்துக்குத் தவிர்ப்பதற்காக என்று காரணமும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வாங்குபவருக்குக் கருணை காட்டுவதாக அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அன்றைய வரம்பு எவ்வளவு தெரியுமா? சாதாரணச் சரக்குக்கு 1 டாலர், அன்பளிப்புக்கு 5 டாலர். 1978இல் சாதாரணச் சரக்குக்கும் 5 டாலர் ஆனது. 1993இல் 200. 2016இல் ஒரே தாவாக 800.

1 டாலரிலிருந்து 800க்குப் போனதை விலைவாசி ஏற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நடுவில் யாரோ சுண்டைக்காயின் அளவை மாற்றிவிட்டார்கள். கூரியர் நிறுவனங்களும் இணையக் கடைகளும் வளர்ந்த காலம் அது. சட்டம் எழுதியபோது மனத்தில் இருந்தது, வெளியூர் போன சித்தப்பா அனுப்பும் பொம்மை. பின்னாளில் அந்த வழியாக வந்தது ஒரு முழு வியாபாரம்.

இந்த இடத்தில் ஒரு நியாயக் கேள்வி எழும். அதே டி-ஷர்ட்டை ஓர் அமெரிக்கக் கடைக்காரர் பத்தாயிரம் உருப்படி வாங்கிக் கண்டெய்னரில் இறக்குகிறார் என்று வையுங்கள். மொத்த விலை உருப்படிக்கு 5 டாலர் என்றால் சரக்கின் மதிப்பு 50,000 டாலர். 16.5 விழுக்காட்டில் தீர்வை 8,250 டாலர். அவர் கட்டியே ஆக வேண்டும். அதே பத்தாயிரம் டி-ஷர்ட்டும் பத்தாயிரம் உறைகளில் பத்தாயிரம் வீடுகளுக்கு நேரே போனால்? 2025 வரை ஒரு சென்ட்கூட இல்லை. சட்டத்தை யாரும் மீறவில்லை. பொய்க் கணக்கு எழுதவில்லை. மூட்டையைப் பிரித்ததுதான் வித்தியாசம்.

மூட்டையைப் பிரிக்கும் வித்தை அமெரிக்காவில் தொடங்கியதும் அல்ல. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஜெர்சி, குவெர்ன்சி என்று சின்னத் தீவுகள் இருக்கின்றன. பிரிட்டிஷ் மகுடத்துக்கு உட்பட்டவை, ஆனால் பிரிட்டனின் மதிப்புக் கூட்டு வரி எல்லைக்கு வெளியே. அங்கிருந்து பிரிட்டனுக்கு வரும் 18 பவுண்டுக்கு மேற்படாத பார்சலுக்கு அந்த வரி கிடையாது என்று ஒரு விதி இருந்தது. சிடியும் டிவிடியும் விற்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டனில் இருக்கும் கம்பெனி, பிரிட்டனில் இருக்கும் வாடிக்கையாளர், ஆனால் தட்டு மட்டும் தீவுக்குப் போய்த் திரும்பி வரும். மூலைக்கடை சிடி வியாபாரி அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் தவித்தார். 2011 நவம்பரில் வரம்பை 15 பவுண்டாகக் குறைத்துப் பார்த்தார்கள். பிறகு 2012 ஏப்ரல் 1 முதல் அந்தத் தீவுகளிலிருந்து வரும் விற்பனைச் சரக்குக்குச் சலுகையே கிடையாது என்று மூடிவிட்டார்கள்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் அன்பளிப்பு 5,000 ரூபாய் வரை தீர்வையின்றி வரலாம் என்று இருந்தது. வெளிநாட்டு இணையக் கடைகள் சீட்டில் ‘அன்பளிப்பு’ சதுரத்தில் டிக் அடித்துச் சரக்கை அனுப்பத் தொடங்கின. முன்பின் அறியாத கடைக்காரர் நமக்குச் செருப்பை அன்பளிப்பாக அனுப்புகிறார்! 2019 டிசம்பரில் இந்த வாசலைச் சாத்தினார்கள். உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. வெறும் ராக்கிக் கயிறு வரலாம், அதோடு சேர்த்துப் பரிசுப் பொருள் வைத்தால் அது விலக்கில் சேராது என்று பிறகு விளக்கமும் சொன்னார்கள். ராக்கி விஷயத்தில் எடுத்துக்காட்டிய சட்டப் பிரிவு சுவையானது. இந்தியச் சுங்கச் சட்டம் 25(6): வர வேண்டிய தீர்வையே 100 ரூபாயோ அதற்குக் குறைவோ என்றால் அதை வசூலிக்க வேண்டாம். நம் ஊர் ‘டி மினிமிஸ்’ இதுதான். அமெரிக்கா பொருளின் விலைக்கு வரம்பு வைத்தது, இந்தியா தீர்வைத் தொகைக்கே வரம்பு வைத்தது. சுமைகூலிக் கணக்காகப் பார்த்தால் இரண்டாவது வழிதான் நேரானது என்று எனக்குத் தோன்றுகிறது.

2025இல் என்ன ஆயிற்று?

அமெரிக்காவில் 2015 நிதியாண்டில் இந்த வழியாக நுழைந்த பார்சல்கள் 13.9 கோடி. 2024இல் 136 கோடிக்கு மேல். நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 லட்சம். ஷீன், டெமு போன்ற கடைகள் சீனத்திலிருந்து நேரே வீட்டுக்கு அனுப்பும் வியாபாரத்தை இதன் மேல்தான் கட்டின. உள்ளூர் வியாபாரிகளின் குமுறல் ஒரு பக்கம். ஃபென்டனில் போன்ற போதைப்பொருள் இந்த உறைகளுக்குள் ஒளிந்து வருகிறது என்ற குற்றச்சாட்டு இன்னொரு பக்கம். சட்டம் எழுதியவர்களின் கணக்கு தலைகீழாகிவிட்டது. ஒரு பார்சலில் விட்டுக்கொடுத்தது மூன்று டாலர்தான், ஆனால் அப்படி விட்டுக்கொடுத்தது கோடிக்கணக்கான முறை.

2025 மே 2 முதல் சீனம், ஹாங்காங் சரக்குக்கு இந்தச் சலுகை நின்றது. ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நின்றது. அப்போதுதான் ஒரு வேடிக்கை வெளியே தெரிந்தது. கூரியர் கம்பெனிகள் ஏற்கெனவே தீர்வை கட்டிப் பழகியவை. அவர்களிடம் சுங்க முகவர்கள் உண்டு, கணினி முறை உண்டு. அரசாங்கத் தபால் துறைகளிடம் அது இல்லை. பொருள் அமெரிக்கா போய்ச் சேரும் முன்பே தீர்வையை வாங்கி அமெரிக்கச் சுங்கத்தில் கட்ட வேண்டும் என்றால், யார் வாங்குவது, யார் வழியாகக் கட்டுவது? பதில் தெரியாமல் உலகெங்கும் தபால் துறைகள் அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதையே நிறுத்தின. 88 தபால் அமைப்புகள் முழுவதுமாகவோ ஓரளவோ நிறுத்தியதாக உலகத் தபால் ஒன்றியம் சொன்னது. ஒரு வாரத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவுக்கான தபால் போக்குவரத்து 81 விழுக்காடு சரிந்திருந்தது.

இந்திய அஞ்சல் துறையும் ஆகஸ்ட் 25இலிருந்து பெரும்பாலான சரக்கை நிறுத்தியது. அக்டோபர் 15இல் மீண்டும் தொடங்கியபோது முறையே மாறியிருந்தது. சொன்ன விலையில் 50 விழுக்காட்டை அனுப்புபவரே அஞ்சலகத்தில் முன்கூட்டிக் கட்ட வேண்டியிருந்தது. 20 டாலர் டி-ஷர்ட்டுக்கு 10 டாலர். இந்த விகிதங்கள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல, ஒப்பந்தத்துக்கும் தீர்ப்புக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். பார்சல் கட்டும் அன்று கவுன்டரில் கேட்டுக்கொள்வதுதான் வழி. மாறாமல் இருக்கும் விஷயம் வேறு: பணம் கட்டும் இடம் வாங்குபவரின் வாசலிலிருந்து விற்பவரின் கைக்கு இடம் மாறிவிட்டது.

இந்த இட மாற்றத்தை அமெரிக்காவுக்கு முன்பே வேறு நாடுகள் அமைதியாகச் செய்து முடித்தன. அவர்கள் மாற்றியது தீர்வையை அல்ல, விற்பனை வரியை. இரண்டும் வேறு. தீர்வை என்பது வெளிநாட்டுச் சரக்குக்கு மட்டும் போடுவது. ஜிஎஸ்டி போன்ற வரி உள்ளூர்ச் சரக்குக்கும் உண்டு. சின்னப் பார்சலுக்கு இரண்டையும் விட்டுவிட்டால் உள்ளூர்க் கடைக்காரர்தான் இளைத்தவர் ஆகிறார், ஏனென்றால் அவர் ஜிஎஸ்டி கட்டுகிறார், வெளிநாட்டுக் கடை கட்டவில்லை.

எல்லையில் நின்று வாங்கினால்தானே சுமைகூலி? கடையின் கல்லாவிலேயே வாங்கிவிட்டால்? 2018 ஜூலையில் ஆஸ்திரேலியா 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையான பார்சல்களுக்கு இதைச் செய்தது. வாடிக்கையாளர் பணம் கட்டும்போதே இணையக் கடை வரியையும் சேர்த்து வாங்கி மொத்தமாக அரசுக்குக் கட்ட வேண்டும். 2021இல் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் இதே வழிக்கு வந்தன. சிங்கப்பூர் 2023இல், மலேசியா 2024இல்.

சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர் ஒருவர் 100 வெள்ளிக்கு இணையத்தில் சுங்குடிச் சேலை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 2024 முதல் ஜிஎஸ்டி 9 விழுக்காடு. விமானத்திலோ தபாலிலோ வரும் 400 வெள்ளிக்கு மேற்படாத பொருள் என்பதால் எல்லையில் வரி இல்லை. ஆனால் அவர் வாங்கியது ஒரு பெரிய இணையச் சந்தை வழியாக என்றால் பில்லிலேயே 109 வெள்ளி வரும். அதே சேலையை மதுரையில் வீட்டிலிருந்து விற்கும் ஓர் அக்காவிடம் நேரே வாங்கினால் 100 வெள்ளிதான். ஏனென்றால் உலக அளவில் 10 லட்சம் வெள்ளிக்கு மேலும், சிங்கப்பூர் வாடிக்கையாளர்களிடம் மட்டும் 1 லட்சம் வெள்ளிக்கு மேலும் வியாபாரம் செய்பவர்தான் அங்கே வரிக்குப் பதிவுசெய்ய வேண்டும். சின்ன வியாபாரியைத் தேடிப்போவது மறுபடியும் சுமைகூலிக் கணக்குத்தான். மலேசியாவிலும் இதே அமைப்பு: 500 ரிங்கிட் வரையான பொருளுக்கு 10 விழுக்காடு, ஆண்டுக்கு 5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் விற்பவர் மட்டும் பதிவுசெய்ய வேண்டும்.

இந்த முறையில் ஒரு கண்ணி உண்டு. கல்லாவில் வரி வாங்கியாயிற்று என்பது எல்லையில் இருக்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டும். ஐரோப்பாவில் இதற்காக விற்பவருக்கு ஒரு பதிவெண் கொடுத்திருக்கிறார்கள், ஐ.ஓ.எஸ்.எஸ். எண் என்பார்கள். பார்சலின் மின்னணுத் தகவலோடு அந்த எண் போக வேண்டும். விட்டுப்போனால் எல்லையில் இன்னொரு முறை வரி கேட்பார்கள். அதனால் இணையத்தில் வாங்குபவர்கள், வரி தனியாகத் தெரியும் பில்லைப் பார்சல் கைக்கு வரும்வரை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

விற்பவர் பக்கம்

வீட்டிலிருந்து பொம்மையோ பொடியோ துணியோ வெளிநாட்டுக்கு விற்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ‘விலையைக் குறைச்சுப் போட்டா என்ன?’ என்பதுதான். போடக் கூடாது. அது பொய் அறிவிப்பு, பிடிபட்டால் சரக்கு போகும். பிடிபடாவிட்டாலும் நட்டம்தான்: பார்சல் தொலைந்தால் இழப்பீடு நீங்கள் எழுதிய விலைக்குத்தான் கிடைக்கும். விற்ற பொருளை அன்பளிப்பு என்று போடுவதும் இதே வகை. ஒரு பெரிய ஆர்டரை வரம்புக்குள் அடக்க நாலாகப் பிரித்து அனுப்பும் யோசனையும் பழையது. அமெரிக்கச் சட்டம் 800 டாலர் வரம்பை ஒரு பார்சலுக்கு என்று வைக்கவில்லை, ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்றுதான் வைத்திருந்தது.

பல பார்சல்கள் தேங்கிக் கிடப்பதற்குக் காரணம் வரியே அல்ல, சீட்டில் எழுதும் விவரம். ‘துணி’, ‘பரிசு’, ‘வீட்டுச் சாமான்’ என்றெல்லாம் எழுதினால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் புரியாது, எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். ‘ஆண்களுக்கான பருத்திப் பின்னலாடை டி-ஷர்ட், 2’ என்று எழுதி 6109.10 என்ற எண்ணையும் போட்டால் அது நிற்கக் காரணமே இல்லை. இப்போது இந்த விவரங்கள் விமானம் புறப்படும் முன்பே மின்னணு முறையில் போய்விடுகின்றன. கையால் எழுதிய சீட்டு மட்டும் போதும் என்ற காலம் முடிந்துவிட்டது.

எந்த நாட்டில் செய்தது என்ற கட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பார்சல் சென்னையிலிருந்து போகிறது என்பதால் பொருள் இந்தியப் பொருள் ஆகிவிடாது. சீனத்தில் செய்த ஹேர்பின்னை பாரிமுனையில் மொத்தமாக வாங்கி வெளிநாட்டுக்கு விற்றால் அந்தக் கட்டத்தில் சீனம் என்றுதான் எழுத வேண்டும். நாட்டுக்கு நாடு தீர்வை மாறும் காலத்தில் இந்த ஒரு சொல் பாதிப் பணம்.

அப்புறம் தீர்வையை யார் கட்டுவது என்பதைப் பொருளை விற்கும் முன்பே பேசி முடியுங்கள். வியாபார மொழியில் டி.டி.பி. என்றால் எல்லாம் விற்பவர் பொறுப்பு, வாங்குபவர் கையில் பொருள் மட்டும் வரும். டி.ஏ.பி. என்றால் வாசலுக்கு வரும் பொருளுக்கு வாங்குபவர் தீர்வை கட்ட வேண்டும். வாங்குபவரிடம் இதைச் சொல்லாமல் அனுப்பினால் அவர் பார்சலை வாங்க மறுத்துத் திருப்பிவிடுவார். போன செலவும் வந்த செலவும் உங்கள் தலையில். எனக்கே ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த சின்னப் பார்சல் ஒன்றுக்குத் தீர்வையைவிடக் கூரியர்காரர்கள் போட்ட ‘கிளியரன்ஸ் கட்டணம்’ கூடுதலாக இருந்தது. நம் சார்பில் முன்பணம் கட்டிப் பத்திரம் தாக்கல் செய்ததற்கான கூலியாம். சட்டப்படி அது சரியே. சுண்டைக்காய்ப் பழமொழி மண்டைக்குள் ஏறியது அன்றைக்குத்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் இப்போது எடுத்திருக்கும் முடிவையும் இந்தப் பழமொழியை வைத்தே படிக்கலாம். அங்கே வரி 2021இலேயே கல்லாவுக்கு மாறிவிட்டாலும், 150 யூரோ வரை சுங்கத் தீர்வை மட்டும் இல்லாமல் இருந்தது. 2024இல் அப்படி நுழைந்த உருப்படிகள் 460 கோடி, அதில் 91 விழுக்காடு சீனத்திலிருந்து. 2025 டிசம்பரில் உறுப்பு நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி, 2026 ஜூலை 1 முதல் இந்தச் சின்னப் பார்சல்களுக்குத் தலைக்கு 3 யூரோ என்று முடிவு செய்தார்கள். விழுக்காடு இல்லை, விலை பார்ப்பதில்லை. பார்சலுக்குள் எத்தனை வகைப் பொருள் இருக்கிறதோ அத்தனை மூன்று. ஒரே மாதிரிப் பருத்தி டி-ஷர்ட் மூன்று இருந்தால் ஒரு வகை, 3 யூரோ. கூடவே ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் வைத்தால் இரண்டு வகை, 6 யூரோ. பத்து யூரோ பொம்மைக்கும் நூறு யூரோ பொம்மைக்கும் அதே மூன்றுதான்.